மீட்டரில் 400 வந்தால் உடனே ஊசி அளவைக் கூட்டாதீர்கள்

மிளகுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்து 14 மாதம் ஆகிறது. மிளகு என் பூனை. சாம்பல் நிறம், கருத்தடை செய்த ஆண், இப்போது 11 வயது. இந்த 14 மாதத்தில் முதல் 3 மாதம் யாரிடம் என்ன கேட்பது என்றுகூடத் தெரியாமல் தனியாகத் தவித்தேன். அந்த நாட்களில் ஒரு இரவு, என் கையாலேயே அவனைச் சாவின் வாசல்வரை கொண்டுபோய்விட்டேன். அவனுக்குச் சர்க்கரை ஏறியதால் வந்த ஆபத்து இல்லை அது. ஏறிய சர்க்கரையை இறக்கியே தீரவேண்டும் என்று நான் பட்ட அவசரத்தால் வந்தது. வீட்டில் சர்க்கரை நோயுள்ள பூனையை வைத்துக்கொண்டு, மீட்டரில் வரும் எண்ணைப் பார்த்துக் கலங்கி நிற்பவர் யாராவது இதைப் படித்தால், நான் விழுந்த குழியில் அவர் விழக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

ஆரம்பத்திலேயே 6 வாரத்தைக் கோட்டைவிட்டேன். தண்ணீர்க் கிண்ணம் ஒரு நாளில் இரண்டு முறை காலியானது. மணல் தட்டில் சிறுநீர்க் கட்டிகள் என் கைமுட்டி அளவுக்கு வந்தன. சாப்பாட்டை எப்போதும் இல்லாத வேகத்தில் தின்றான், ஆனாலும் இளைத்தான். 6.3 கிலோ இருந்தவன் 5.1 கிலோவுக்கு வந்தபோது நான் சந்தோஷப்பட்டேன், ஏனென்றால் எடை கூடுதல் என்று அதற்கு முந்தைய வருடம்தான் சொல்லியிருந்தார்கள். நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறது, தண்ணீர் அதிகம் குடிக்கிறது, சிறுநீர் அதிகம் போகிறது: இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் ஒரு வாரம்கூடக் காத்திருக்காதீர்கள். நான் டாக்டரிடம் போனது நான்காவதாக ஒன்றைப் பார்த்த பிறகுதான். மிளகு பின்னங்கால்களின் குதிகால் தரையில் பட, முயல் மாதிரி உட்கார்ந்து உட்கார்ந்து நடந்தான். கட்டிலில் ஏற முயன்று பாதியில் வழுக்கி விழுந்தான். சர்க்கரை நீண்ட நாள் கூடுதலாக இருந்தால் பின்னங்கால் நரம்புகள் இப்படிப் பாதிக்கப்படும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அன்று ரத்தத்தில் சர்க்கரை 438 இருந்தது (இங்கே வரும் சர்க்கரை எண்கள் எல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு). சாதாரணமாகப் பூனைக்கு 80இலிருந்து 120 வரை இருக்கும். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. ஆனால் டாக்டர் அந்த ஒரு எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யவில்லை. பூனை பயந்தாலே சர்க்கரை 300ஐத் தாண்டக்கூடும், கூண்டில் அடைத்து, வண்டியில் ஏற்றி, ஊசி குத்திப் பிடிக்கும்போது அந்தப் பயமே போதும் என்று சொல்லி, சிறுநீரிலும் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார். புருக்டோசமைன் என்ற பரிசோதனைக்கும் ரத்தம் எடுத்தார். அது கடந்த ஒன்றிரண்டு வாரங்களின் சராசரி நிலையைக் காட்டும், அன்றைய பயம் அதைப் பெரிதாகப் பாதிக்காது. இரண்டுமே உறுதி செய்தன. பூனையின் ரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 250, 300 என்ற எல்லையைத் தாண்டும்போது சிறுநீரகத்தால் பிடித்துவைக்க முடியாமல் சிறுநீரில் வழிய ஆரம்பிக்கும், போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும், அதனால்தான் அந்தத் தாகம் என்று விளக்கினார். கிளம்பும்போது ஒன்று கேட்டார். "சமீபத்துல ஸ்டீராய்டு ஏதாவது போட்டாங்களா?" எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பழைய சீட்டுகளைத் தேடிப் பார்த்தால், 3 மாதத்துக்கு முன்பு தோல் அரிப்புக்காக வேறு ஓரிடத்தில் போட்ட ஊசி, பல வாரம் உடம்பில் வேலை செய்யும் ஸ்டீராய்டு. அது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. வயது, எடை, ஆண் பூனை, வீட்டுக்குள்ளேயே வாழ்க்கை என்று எல்லாமே அவனுக்கு எதிராகத்தான் இருந்தன. ஆனால் குண்டாக இருக்கும் நடுவயதுப் பூனைக்கு யாராவது ஊசி போட்டால், அது என்ன ஊசி, ஸ்டீராய்டா, சர்க்கரையை ஏற்றுமா என்று அப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை.

இனி நான் செய்த பெரிய தவறு. எனக்கு எழுதிக்கொடுத்தது கால்நடைகளுக்கான இன்சுலின், யு-40 வகை. அதாவது ஒரு மில்லியில் 40 யூனிட். மனிதர்கள் போட்டுக்கொள்வதில் யு-100 வகையும் உண்டு, ஒரு மில்லியில் 100 யூனிட். சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை உண்டு, அதில் உள்ள கோடுகள் வேறு வேறு. இது எனக்குத் தெரியாது. மருந்துக் கடையில் "இன்சுலின் சிரிஞ்ச்" என்று கேட்டேன், யு-100 சிரிஞ்ச் கொடுத்தார்கள், வாங்கி வந்தேன். காலை 8 மணிக்கு 1 யூனிட், இரவு 8 மணிக்கு 1 யூனிட் என்றார் டாக்டர். நான் 1 என்ற கோடுவரை இழுத்துப் போட்டேன். உண்மையில் அவன் உடம்புக்குள் போனது 0.4 யூனிட். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது 420. அளவை 2 ஆக்கினார்கள், நான் போட்டது 0.8. அப்போதும் இறங்கவில்லை. நான் சிரிஞ்சைக் கொண்டுபோய்க் காட்டவில்லை, அவர்களும் எந்த சிரிஞ்ச் என்று கேட்கவில்லை. மூன்றாவது வாரம், வீட்டில் இருந்த மனிதர்களுக்கான குளுக்கோமீட்டரில் நானே குத்திப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். காலை 410, இரவு 450, மறுநாள் 390. ஒவ்வொரு எண்ணும் என்னைத் திட்டுவது போலவே இருந்தது. தூக்கம் போனது, வேலையில் கவனம் போனது. யாரையும் கேட்காமல் நானே அளவை 3 ஆக்கினேன்.

அந்த வாரக் கடைசியில் சிரிஞ்ச் தீர்ந்தது. இந்த முறை வேறு கடை. அங்கிருந்தவர் மருந்துப் புட்டியின் படத்தைக் காட்டச் சொல்லி, பொருத்தமான யு-40 சிரிஞ்சைக் கொடுத்தார். மூடி சிவப்பாக இருந்தது, முன்பு வாங்கியது ஆரஞ்சு மூடி. நிறம் மாறியிருக்கிறதே என்று நினைத்தேன், அதற்குமேல் யோசிக்கவில்லை. அன்றிரவு 8 மணிக்கு வழக்கம் போல 3 என்ற கோடுவரை இழுத்தேன். இந்த சிரிஞ்சில் 3 என்றால் உண்மையாகவே 3 யூனிட். அதுவரை அவனுக்குப் போய்க்கொண்டிருந்தது 1.2. ஒரே இரவில் இரண்டரை மடங்கு. இது போதாதென்று, மாவுச்சத்து குறைந்த உணவுதான் பூனைக்கு நல்லது என்று எங்கோ கேள்விப்பட்டு, அந்த வாரம்தான் உலர் உணவை முழுக்க நிறுத்தி டின் உணவுக்கு மாற்றியிருந்தேன். உணவில் மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் தேவை சில நாட்களிலேயே கணிசமாகக் குறையலாம். அதையும் டாக்டரிடம் சொல்லவில்லை. புது உணவு பிடிக்காமல் பாதியை வேறு வைத்துவிட்டான்.

இரவு 1 மணிக்கு ஏதோ இடிபடும் சத்தம் கேட்டு எழுந்தேன். மிளகு கூடத்தில் சுவரில் மோதி மோதி நடந்துகொண்டிருந்தான். குடித்தவன் மாதிரி தள்ளாட்டம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, கண் பாவை பெரிதாக விரிந்திருந்தது. மீட்டரில் 41. அடுத்த நிமிடம் பக்கவாட்டில் விழுந்து கை கால் வெட்டி இழுக்க ஆரம்பித்துவிட்டது. என் கை நடுங்கியதில் தேன் புட்டியைத் திறக்க முடியவில்லை, மூடியை அடுப்பு மேடையில் தட்டித்தான் திறந்தேன். விரலில் தேனைத் தொட்டு ஈறில் தடவினேன், துடைத்துவிட்டு மீண்டும் தடவினேன். தடவிக்கொண்டே தொலைபேசியில் ஒவ்வொரு மருத்துவமனையாக அழைத்தேன். மூன்றாவதில்தான் எடுத்தார்கள். இரவு முழுக்க குளுக்கோஸ் டிரிப் ஏற்றி, ஒவ்வொரு மணிக்கும் ரத்தம் பார்த்தார்கள். விடியும்போது அவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துக் கத்தினான். அந்தச் சத்தத்தைக் கேட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அந்த ஒரு இரவுக்கான பணம் என் ஒரு மாதச் சம்பளத்தைவிடக் கூடுதல். அதற்கு முந்தைய 3 வாரம் தவறான சிரிஞ்சோடு போய்வந்த பரிசோதனைச் செலவையும் சேர்த்தால், 6 மாதமாகச் சேர்த்து வைத்தது மொத்தமும் கரைந்தது.

அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மருந்துப் புட்டியில் யு-40 என்று இருக்கிறதா, யு-100 என்று இருக்கிறதா என்று பாருங்கள். சிரிஞ்சிலும் அதே எண் இருக்கவேண்டும். சிவப்பு மூடி யு-40, ஆரஞ்சு மூடி யு-100 என்பது பொதுவான வழக்கம், ஆனாலும் மூடி நிறத்தை மட்டும் நம்பாமல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். யு-40 மருந்துக்கு யு-100 சிரிஞ்ச் என்றால் மருந்து குறைவாகப் போய் சர்க்கரை இறங்காது. தலைகீழாக, யு-100 மருந்தை யு-40 சிரிஞ்சில் இழுத்தால் ஒவ்வொரு கோட்டுக்கும் 2.5 யூனிட் போகும், உயிருக்கே ஆபத்து. முதல் முறை ஊசி போடும் முன் புட்டி, சிரிஞ்ச் இரண்டையும் டாக்டர் முன்னால் மேசையில் வைத்து, எந்தக் கோடுவரை என்று அவர் விரலால் காட்டச் சொல்லுங்கள். கேட்க வெட்கமே வேண்டாம்.

தேன் விஷயத்தையும் இங்கேயே சொல்கிறேன். 60க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. எண் பார்க்க வழியில்லாவிட்டாலும் தள்ளாட்டம், திடீர்ச் சோர்வு, கூப்பிட்டால் உணராமல் இருப்பது, வெட்டி இழுப்பது இவற்றைப் பார்த்தால் காத்திருக்க வேண்டாம். நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால் உடனே சாப்பாடு கொடுக்கலாம். நினைவு இல்லாவிட்டால் வாய்க்குள் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். தேனோ சர்க்கரைப் பாகோ ஈறில் தடவிவிட்டு ஓடவேண்டியதுதான். இழுத்துக்கொண்டிருக்கும்போது பல் இறுக்கத்தில் விரல் மாட்டிக்கொள்ளலாம், உதட்டை ஒதுக்கி வெளிப்புற ஈறில் மட்டும் தடவுங்கள். இரவு நேரத்தில் திறந்திருக்கும் மருத்துவமனையின் எண்ணை இன்றைக்கே எழுதி ஒட்டிவையுங்கள். அந்த இரவு எண் தேடியதில் போன 10 நிமிடத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

வீட்டுக்கு வந்த மறுநாள் மாலை பார்த்தால் 460. அளவைப் பாதியாகக் குறைத்து அனுப்பியிருந்தார்கள், எனக்கோ கை பரபரத்தது. இத்தனை நடந்த பிறகும், கொஞ்சம் கூட்டினால் என்ன என்று மனம் கேட்டது. நல்லவேளை, இந்த முறை டாக்டரை அழைத்தேன். அவர் சொன்னதுதான் என் கண்ணைத் திறந்தது. "சர்க்கரை பாதாளத்துக்குப் போனதும் உடம்பு பயந்துபோய், ஈரல்ல சேத்து வெச்ச சர்க்கரையெல்லாம் வெளிய கொட்டும். அதான் இப்ப மேல போயிருக்கு. இதுக்கு மேல மருந்தைக் கூட்டுனா மறுபடி பாதாளம். ரெண்டு மூணு நாள் விடுங்க, தானா இறங்கும்." இறங்கியது. இந்த எதிர்வினை பூனைகளில் எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எல்லா உயர்வுக்கும் இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மேலே தெரியும் எண்ணுக்குப் பின்னால் ஒரு தாழ்வு ஒளிந்திருக்கலாம், அதைப் பார்க்காமல் அளவைக் கூட்டக்கூடாது. ஒரு சில நாள் 400இல் இருந்தால் பூனை சாப்பிட்டுக்கொண்டு, நடமாடிக்கொண்டு இருக்கும். 40க்குப் போனால் ஒரு மணி நேரத்தில் உயிர் போகலாம்.

அந்த ஒளிந்திருக்கும் தாழ்வை எப்படிக் கண்டுபிடிப்பது? நாள் முழுக்க அளந்து பார்க்கவேண்டும். காலை சாப்பாட்டுக்கும் ஊசிக்கும் முன்னால் ஒரு முறை, பிறகு 2 மணி நேரத்துக்கு ஒரு முறை, அடுத்த ஊசிவரை. இதை டாக்டர்கள் குளுக்கோஸ் கர்வ் என்பார்கள். மருத்துவமனையில் வைத்துச் செய்தால் பயத்தில் ஏறும் சர்க்கரையும் சேர்ந்துகொள்ளும், அதனால் வீட்டில் செய்வதுதான் நம்பகமானது. காது ஓரத்தில் ஓடும் மெல்லிய ரத்தக் குழாய்க்குப் பக்கத்தில் குத்தினால் போதும். காதை முதலில் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கவேண்டும், குளிர்ந்த காதில் ரத்தம் வராது. காதின் பின்னால் பஞ்சை அண்டக்கொடுத்தால் நம் விரலில் குத்தாது. குத்திய இடத்தை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் கன்றாது. முதல் வாரம் ஒரு அளவீட்டுக்கு 4 ஸ்ட்ரிப் வீணாகும், மனம் உடைந்துவிடாதீர்கள். பத்தாவது நாள் மிளகு தூக்கத்திலிருந்து எழாமலேயே எடுத்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் முடிந்த உடனே வேகவைத்த கோழித் துணுக்கு ஒன்று கொடுப்பேன், இப்போது மீட்டர் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டாலே அவனாக வந்து உட்கார்கிறான். மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும் பழக்கம் உள்ளது. ஒன்றுமே இல்லாததற்கு அது பரவாயில்லை, ஆனால் ஆல்பாட்ராக் மாதிரி கால்நடைகளுக்கென்று செய்த மீட்டர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். எதுவானாலும் ஒரே மீட்டரைத் தொடர்ந்து பயன்படுத்துங்கள், இரண்டை மாற்றி மாற்றிப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

நான் வீட்டில் எடுத்த முதல் கர்வ் இது. 1.5 யூனிட் போட்ட நாள். காலை 8 மணி 340, 10 மணி 250, 12 மணி 130, 2 மணி 110, 4 மணி 190, 6 மணி 290, இரவு 8 மணி 370. பழைய நானாக இருந்தால் காலை 340ஐயும் இரவு 370ஐயும் மட்டும் பார்த்து அளவைக் கூட்டியிருப்பேன். கூட்டியிருந்தால் நடுப்பகல் 110 எங்கே போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். டாக்டர் இந்தத் தாளைப் பார்த்துவிட்டு, அளவு சரியாகத்தான் இருக்கிறது, மருந்துதான் 12 மணி நேரம் தாக்குப்பிடிக்கவில்லை என்றார். அந்த வகை இன்சுலின் பல பூனைகளில் 8, 10 மணி நேரத்திலேயே தீர்ந்துவிடுமாம். மிச்ச நேரத்தில் சர்க்கரை ஏறுவதற்குக் காரணம் அதுதான். கிளார்ஜின் என்ற நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினுக்கு மாற்றினார், 1 யூனிட்டில் ஆரம்பித்து. அது யு-100, ஆகவே சிரிஞ்ச் மறுபடி ஆரஞ்சு மூடி. பழைய சிவப்பு மூடி சிரிஞ்சுகளை அன்றே வீட்டிலிருந்து அப்புறப்படுத்தினேன், ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. சிறிய 0.3 மில்லி சிரிஞ்சுகள் சிலவற்றில் அரை யூனிட் கோடுகளும் இருக்கும், பூனைக்கு அதுதான் வசதி. தாழ்ந்த எண் 80க்கும் 150க்கும் இடையில், உயர்ந்த எண் 300க்குள், இதுதான் எங்களுக்கு டாக்டர் வைத்த இலக்கு. நாள் முழுக்க 100இலேயே நிற்கவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நான்தான் அப்படி நினைத்து மாய்ந்துகொண்டிருந்தேன். இலக்கு இதுதான் என்று தெரிந்ததுமே பாதிப் பாரம் இறங்கியது. ஒரு முறை அளவை மாற்றினால் குறைந்தது 5, 7 நாள் பொறுத்துத்தான் அடுத்த முடிவு. தோலில் ஒட்டும் சென்சாரும் ஒரு முறை வைத்துப் பார்த்தோம், மனிதர்கள் கையில் ஒட்டுவதுதான், 14 நாள் வரவேண்டியது. மிளகு 9ஆம் நாள் சொறிந்து எடுத்துவிட்டான். ஆனால் அந்த 9 நாளில் இரவு 3 மணிக்கு என்ன நடக்கிறது என்பதெல்லாம் தெரிந்தது. காதில் குத்தவே முடியாத பூனைக்கு அது பெரிய வரம்.

இதற்குப் பிறகும் திடீர் திடீரென்று ஏறும். அப்போதெல்லாம் அளவைத் தொடாமல், நோட்டை எடுத்து முந்தைய இரண்டு நாளைப் படிப்பேன். நேரம், எண், என்ன சாப்பிட்டான், எவ்வளவு மிச்சம், வாந்தி, ஊசி போட்ட இடம் எல்லாம் அதில் இருக்கும். பல முறை பதில் அங்கேயே கிடைத்தது. பிடரியில் தொடர்ந்து போட்டுக்கொண்டிருந்தேன், அங்கே ரத்த ஓட்டம் குறைவு, மருந்து சீராக இழுக்காது. விலாப்பக்கம் மாற்றி மாற்றிப் போட ஆரம்பித்ததும் ஏற்ற இறக்கம் குறைந்தது. ஒரு நாள் ஊசி போட்ட இடத்தில் முடி ஈரமாக இருந்தது, மருந்து உள்ளே போகாமல் வெளியே சிந்தியிருக்கிறது. அப்படி நடந்தாலும், போயிருக்குமோ போகவில்லையோ என்ற சந்தேகம் வந்தாலும் இரண்டாம் முறை போடவே கூடாது. அந்த வேளை ஏறட்டும், அடுத்த வேளை பார்த்துக்கொள்ளலாம். மருந்துப் புட்டி ஒரு முறை குளிர்பெட்டியின் பின்சுவரில் ஒட்டி உறைந்துவிட்டது. உறைந்த இன்சுலின் உருகினாலும் பயனில்லை, வயிற்றெரிச்சலோடு தூக்கிப் போட்டேன். கிளார்ஜின் தெளிவாகத்தான் இருக்கவேண்டும், கலங்கித் தெரிந்தால் போடக்கூடாது.

சாப்பாட்டு விஷயத்தில் நான் ஏமாந்தது அதிகம். பூனை இறைச்சியால் வாழும் பிராணி, மாவுச்சத்தைச் சமாளிக்க அதன் உடம்பு அமையவில்லை. உலர் உணவை அந்த வடிவத்தில் பிடித்துவைக்கவே மாவு தேவை, அதனால்தான் அதில் கூடுதல். பெட்டியில் மாவுச்சத்து என்று தனியாகப் போடமாட்டார்கள், நாமே கணக்குப் போடவேண்டும். புரதம், கொழுப்பு, நார், சாம்பல் (அதாவது தாது உப்புகள்), ஈரம் ஐந்தையும் கூட்டி 100இலிருந்து கழித்தால் வருவது ஏறக்குறைய மாவுச்சத்து. மிளகு தின்றுகொண்டிருந்த உலர் உணவில் 32, 12, 4, 8, 10 என்று இருந்தது, கூட்டினால் 66, மீதி 34. டின் உணவில் 11, 6, 0.5, 2.5, 78, கூட்டினால் 98, மீதி 2. ஆனால் 34ஐயும் 2ஐயும் நேராக ஒப்பிடக்கூடாது, டின்னில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரை விலக்கிப் பார்த்தால் 22இல் 2, அதாவது சுமார் 9 சதவீதம். உலர் உணவில் 90இல் 34, சுமார் 38 சதவீதம். டின்னிலும் குழம்பு மாதிரி இருப்பவற்றில் கெட்டியாக்க மாவு சேர்ப்பார்கள், அரைத்த விழுது மாதிரி இருப்பவை பெரும்பாலும் நல்லவை. ஒரு வாரம் காலையில் மட்டும் 350 வந்துகொண்டிருந்தது, காரணம் அலமாரிக்கு அடியில் கிடந்த பழைய உலர் உணவுப் பொட்டலம். கிழித்து இரவில் தின்றுகொண்டிருந்திருக்கிறான். இன்னொன்றையும் மறக்காதீர்கள்: ஏற்கெனவே இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கும் பூனையின் உணவை டாக்டரிடம் சொல்லாமல், தினமும் அளக்காமல் மாற்றவே கூடாது. நல்ல உணவேதான், ஆனால் பழைய அளவு மருந்தோடு சேர்ந்தால் என்னவாகும் என்பதை நான் அந்த இரவு பார்த்துவிட்டேன்.

ஏழாவது மாதம் வந்ததுதான் எந்தக் கணக்குக்கும் அடங்காத உயர்வு. 8 நாள் தொடர்ந்து 350, 400. உணவு சரி, புட்டி புதிது, ஊசி சரி. அழுகை வந்தது, ஆனால் அளவைத் தொடவில்லை. உற்றுப் பார்த்தபோது சாப்பிடும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து மெல்லுவது தெரிந்தது. பின்பல் ஒன்றின் வேர் சீழ் பிடித்திருந்தது. பல்லை எடுத்த ஒரு வாரத்தில் பழையபடி 200களுக்கு வந்தான். பல், சிறுநீர்த் தொற்று, கணைய அழற்சி என உடம்பில் எங்கே புண் இருந்தாலும் இன்சுலின் வேலை செய்யாமல் முரண்டு பிடிக்கும். காரணமில்லாமல் ஏறினால் முதலில் வாயைத் திறந்து பாருங்கள். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 1.5 யூனிட்டுக்கு மேல் போட்டும் இறங்காத பூனைகளுக்கு, வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரக்கும் அக்ரோமெகலி இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்வார்கள் என்றும் டாக்டர் சொன்னார், நல்லவேளை எங்களுக்கு அதுவரை போகத் தேவைப்படவில்லை.

எப்போது உயர்வைப் பார்த்துப் பயப்படவேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் சொன்னதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளலாம். எண் கூடுதலாக இருக்கும்போது பூனை சாப்பிட மறுத்தால், வாந்தி எடுத்தால், ஒரு மூலையில் சுருண்டு படுத்தால் அது வேறு விஷயம். சர்க்கரையைப் பயன்படுத்த முடியாமல் உடம்பு கொழுப்பை எரித்து, கீட்டோன் சேர்ந்து ரத்தம் அமிலமாகும் நிலை அது. சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் கீட்டோன் ஸ்ட்ரிப் வாங்கி வையுங்கள். மிளகு மணல் தட்டில் உட்காரும்போது பின்னாலிருந்து நீளக் கரண்டியை நீட்டிப் பிடிப்பேன், அவன் கண்டுகொள்ளமாட்டான். கீட்டோன் தெரிந்தால் அன்றே மருத்துவமனை, நாளை என்று தள்ளக்கூடாது. சாப்பிடாத வேளையில் ஊசியை முழுதாகப் போடுவதா, பாதியா, விடுவதா என்பதை அந்த நேரத்தில் யோசிக்காமல், முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் தாள் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. நான் ஊருக்குப் போகும் நாட்களில் அவனைப் பார்த்துக்கொள்ளும் தோழியும் அதைப் பார்த்துத்தான் செய்கிறாள். அதில் கடைசி வரியைப் பெரிதாகச் சிவப்பில் எழுதியிருக்கிறேன்: சந்தேகம் வந்தால் போடாதே, எனக்கு அழை.

சில பூனைகள் நல்ல கட்டுப்பாட்டில் சில மாதம் இருந்தால் இன்சுலினே தேவையில்லாத நிலைக்கு வந்துவிடும். அதிலும் சீக்கிரம் கண்டுபிடித்துச் சீக்கிரம் சரியாகக் கட்டுப்படுத்தியவற்றுக்கு வாய்ப்பு அதிகம் என்கிறார்கள். அதைக் கேட்கும்போது அந்த முதல் 3 மாதம் இன்னும் வலிக்கிறது. மிளகு அந்த நிலைக்கு வரவில்லை. காலை 1 யூனிட், இரவு 1 யூனிட், எண்கள் 120க்கும் 280க்கும் நடுவில் போய்வருகின்றன. எடை 5.4 கிலோ. தண்ணீர்க் கிண்ணம் மாலையிலும் பாதி நிறைந்திருக்கிறது. பின்னங்கால் சரியாக 5 மாதம் பிடித்தது, முதலில் குதிகால் ஒரு விரற்கடை மேலே எழும்பியது, பிறகு படி ஏறினான். நேற்று இரவு 8 மணி ஊசி முடிந்ததும் கட்டிலில் தாவி ஏறி, என் தலையணையில் படுத்துக்கொண்டான்.